தாவர நோயியல் படிக்கலாமா, பிசிஆர் தெரிந்தால் போதாதா?

தாவர நோயியலில் முதுகலை சேர்ந்தால் வேலை கிடைக்குமா, வயலில் அலைவது ஒத்துவராது, பிசிஆர் (ஓர் உயிரியின் டிஎன்ஏவைப் பெருக்கி அதைக் கண்டறியும் சோதனை) தெரிந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் 'போதாதா' சுருக்கென்று தைத்தது; அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விதை நலச் சோதனைக் கூடங்கள், தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள், நோய் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்கள், பூஞ்சைக்கொல்லி நிறுவனங்களின் வயல் சோதனைகள், ஆராய்ச்சி, கற்பித்தல். முனைவர் பட்டம் பெரும்பாலும் கடைசி இரண்டுக்குத்தான் வேண்டும்.

இனி என் கதை. முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டு, தக்காளி வாடல். தண்டைக் கீறினால் உள்ளே பழுப்பு. பியூசேரியம் என்ற பூஞ்சையின் வேலை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். பியூசேரியம் என்றால் மஞ்சளாக வேண்டிய அடியிலைகள் மஞ்சளாகாமல், செடி பச்சையாகவே தொய்ந்து கிடந்ததைக் கண்டும் காணாமல் விட்டேன். தண்டுத் துண்டுகளை, மேற்புறக் கிருமிகளைக் கொல்லும் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் நனைத்து, தூய நீரில் மூன்று முறை அலசி, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் வைத்தேன். பாக்டீரியா வளர்ந்து தட்டைக் கெடுத்துவிடுமே என்று ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்தேன். இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் நாள் பஞ்சுபோல ஒரு பூஞ்சை. பியூசேரியம் ஆக்சிஸ்போரம்தான் என்று பிசிஆரும் சொன்னது. பிரித்தெடுத்த கிருமி நலமான செடியிலும் அதே நோயை உண்டாக்க வேண்டும் என்னும் கோக் விதிகளின்படி அதை நலமான நாற்றுகளின் வேரில் செலுத்தினேன். ஒன்றுகூட வாடவில்லை. வித்துகளின் செறிவைக் கூட்டினேன், வெப்பநிலையை மாற்றினேன். ஏழு மாதம் போயிற்று. நாற்றுகள் பூக்கத் தொடங்கின.

அப்போது முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்க நேர்ந்தது: பாக்டீரியா வாடலுக்கான கசிவுச் சோதனை. நோயுற்ற தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், வெட்டிய முனையிலிருந்து பால்போன்ற இழைகள் சில நிமிடங்களில் இறங்கும். அந்த நோயுள்ள செடி கைவசம் இல்லை. "இழை இறங்காவிட்டால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்" என்று சொல்லி, வயலிலிருந்து அன்று கொண்டுவந்த என் 'பியூசேரியம்' செடியை வெட்டித் தொங்கவிட்டேன். இழை இழையாக இறங்கியது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்டீரியா வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா சோலனேசியரம். ஸ்ட்ரெப்டோமைசின் போட்டு அதைத் தட்டில் தலைகாட்டவிடாமல் செய்தது நானேதான். தீங்கில்லாத பியூசேரியம் வகைகள் மண்ணிலும் வேரிலும் ஏராளம். அதில் ஒன்று சாகக் கிடந்த செடியில் குடியேறியிருந்தது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபோது, அதில் கண்ட பூஞ்சைபோன்ற உயிரி, அழுகலின் விளைவுதான் என்றார்கள் பலர். அதுவே காரணம் என்று ஜெர்மன் அறிவியலாளர் டி பாரி 1861இல் சோதனை செய்து காட்டினார். நான் அந்தத் தவற்றைத் திருப்பிப் போட்டுச் செய்திருக்கிறேன்.

"உங்கள் கவனக்குறைவுக்கு பிசிஆர் என்ன செய்யும்" என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். பிசிஆருக்கு நான் எதிரியல்ல, பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் பியூசேரியத்துக்கான பிரைமரை (அதன் டிஎன்ஏவில் மட்டும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டை) இட்டால், பியூசேரியம் உண்டா இல்லையா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். செடியிலுள்ள அத்தனை நுண்ணுயிர்களின் டிஎன்ஏவையும் வரிசைப்படுத்திப் படித்தாலும் பெயர்ப்பட்டியல்தான் வரும். கொன்றது எது என்று வராது.

பெயர் என்றதும் ஒன்று. என் தக்காளியை வாட்டிய பாக்டீரியாவின் பெயர் 1896இல் பேசில்லஸ்; பிறகு சூடோமோனாஸ்; 1992இல் பர்க்கோல்டேரியா; 1995இல் ரால்ஸ்டோனியா; 2014இல் அதையும் மூன்று சிற்றினங்களாகப் பிரித்தார்கள். நான் பழைய பெயரை எழுதிவிட்டேன் என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர், உள்ளே இருந்த தரவைப் படித்தாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகச் சேருங்கள். பூஞ்சையியலும் புள்ளியியலும் ஒழுங்காகக் கற்றுத்தரும் துறையா, கூடவே நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி எடுத்துவரச் சொல்லும் துறையா என்று அங்கே படிப்பவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அந்த முப்பது பேரில் ஒருவர் இப்போது தனிமைப்படுத்தல் நிலையத்தில் அதிகாரி. எப்போது பார்த்தாலும் "ஸ்ட்ரெப்டோமைசின் நலமா?" என்றுதான் விசாரிக்கிறார்.