பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்து உட்காரும் பொய்: இணைய மோசடி குறித்த வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “இந்த லிங்க் உண்மையா, பொய்யா?” என்ற ரகம். லிங்க்கைப் பார்த்தே சொல்லிவிடும் வித்தை எனக்கும் எப்போதும் கைகூடுவதில்லை. நான் முதலில் பார்ப்பது வேறொன்று: பேச்சை யார் ஆரம்பித்தார்கள், நானா அவர்களா?

கேள்வி: வங்கியிலிருந்து “உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது” என்று எஸ்எம்எஸ் வந்தது. வழக்கமாக வங்கி அனுப்பும் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே, அதே வரிசையில் இருக்கிறது. அப்படியென்றால் வங்கிதானே அனுப்பியிருக்க வேண்டும்?

அப்படிச் சொல்ல முடியாது. எஸ்எம்எஸ்ஸில் தெரியும் அனுப்புநர் பெயர், கடித உறையின் மேல் எழுதும் பெயர் மாதிரி. அனுப்புகிறவர் எதை எழுதினாரோ அதுதான் தெரியும். சில நாடுகளில் இந்தப் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பல இடங்களில் அதுவும் இல்லை. ஒரே பெயரில் வருவதையெல்லாம் உங்கள் ஃபோன் ஒரே கட்டாகச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். பொய்ச் செய்தி உண்மையான செய்திகளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். அழைப்பு வரும்போது திரையில் தெரியும் எண்ணும் இதே கதைதான். வங்கியின் சொந்த எண்ணே தெரியும்படி வெளியிலிருந்து அழைக்க முடியும்.

லிங்க்கைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன், முழுதாக நம்பிவிடாதீர்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் சாய்கோடு வரை பாருங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். ‘உங்கள்வங்கி டாட் காம் டாட் சரிபார்ப்பு டாட் நெட்’ என்று இருந்தால் அது வங்கியின் தளமே இல்லை, ‘சரிபார்ப்பு டாட் நெட்’ வைத்திருப்பவருடையது. (‘டாட் கோ டாட் யூகே’ போன்ற இரட்டை முடிவு இருந்தால் இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் போய்ப் பாருங்கள்.)

இதிலும் ஏமாறலாம். ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக் எழுத்துகளில் சில, பார்வைக்கு ஆங்கில எழுத்துகளேதான். 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் ஒன்றை சிரிலிக் எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். அன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது அசல் போலவே தெரிந்தது. பிறகு குரோம் அதைச் சரிசெய்தது. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

அதனால் செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடவே வேண்டாம். வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அங்கேயும் தெரியும்.

கேள்வி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று படித்தேன். சரியா?

அது பழைய பாடம். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் பூட்டுக்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் திருடரா நல்லவரா என்று அது சொல்லாது. அதற்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளம் நடத்துகிறவருக்கும் சில நிமிட வேலைதான். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

உங்கள் கண்ணைவிடக் கூர்மையான காவலாளி வேண்டுமென்றால், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது தளத்தின் அழகைப் பார்க்காது, முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வழக்கமாகத் தானே நிரப்புகிற பாஸ்வேர்டை ஒருநாள் நிரப்பாமல் சும்மா இருந்தால், எரிச்சல்பட்டு நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள். முதலில் முகவரியைப் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாமல், ஃபோன் பூட்டைத் திறப்பதுபோல் கைரேகையோ பின் எண்ணோ கொடுத்து நுழையும் பாஸ்கீ என்ற புது முறை இன்னும் ஒரு படி மேல். போலித் தளத்தில் அது வேலையே செய்யாது.

கேள்வி: எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று சொல்வார்கள். எனக்கு வந்த மின்னஞ்சலில் ஒரு பிழைகூட இல்லையே?

இப்போது இருக்காது. செயற்கை நுண்ணறிவு பல மொழிகளில் பிழையில்லாமல் எழுதித் தருகிறது. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், சரி. பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

ஆனால் படித்ததும் சிரிப்பு வருகிற கதைகளை, கோடிக்கணக்கான சொத்தை முன்பின் தெரியாத உங்களுக்குத் தர ஓர் இளவரசர் துடிக்கும் கதைகளை, ஏன் இன்னும் அனுப்புகிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மின்னஞ்சல் அனுப்பச் செலவே இல்லை, பதில் போடுகிறவரோடு வாரக்கணக்கில் பேசுவதில்தான் உழைப்பு போகிறது. கதை அபத்தமாக இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள், எளிதில் நம்புகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அபத்தம் ஒரு சல்லடை. எல்லாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

கேள்வி: இணையத்தில் பகுதிநேர வேலை. வீடியோக்களுக்கு லைக் போட்டால் பணம். சிறு தொகைகள் இரண்டு முறை என் கணக்குக்கு உண்மையாகவே வந்தன. இப்போது ‘பிரீமியம் டாஸ்க்’ செய்ய முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். முன்பு கொடுத்தார்களே, கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வேன், இதற்கு மட்டும் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த முதல் இரண்டு தொகை சம்பளம் இல்லை, தூண்டிலில் குத்திய புழு. “பணம் உண்மையாகவே வந்ததே” என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். முன்பணம் கட்டியதும் அவர்கள் தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே பெரிய இலாபம் தெரியும். அது பணமல்ல, திரையில் எழுதிய எண். எடுக்கப் போனால் “ஒரு டாஸ்க் பாக்கி” என்பார்கள். அப்புறம் வரி, அப்புறம் கணக்கை விடுவிக்கக் கட்டணம். குழுவில் “எனக்கு வந்துவிட்டது!” என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்கள் ஆட்களாகவே இருப்பார்கள். போட்டதை மீட்க வேண்டுமே என்ற தவிப்பில்தான் மனிதர்கள் மேலும் மேலும் கட்டுகிறார்கள். பேராசை பிடித்தவர்கள்தான் மாட்டுவார்கள் என்று சிலர் ஏளனமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கடைசியில் பெரிய தொகையை இழக்க வைப்பது பெரும்பாலும் பயம்தான்.

உழைப்புக்குக் கூலி தருகிறவர் உங்களிடமிருந்து பணம் வாங்க மாட்டார். அந்நியர் ஒருவர் தவறான எண்ணுக்கு வந்ததுபோல் பேச்சை ஆரம்பித்து, வாரக்கணக்கில் நட்பாகப் பழகி, பிறகு கிரிப்டோ முதலீட்டுக்கு இழுத்துச் செல்வதும் இதன் பெரிய அண்ணன்தான். அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிறவரும் சிலசமயம் கைதியாக இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

இன்னொன்று. பணம் போன பிறகு “மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் மட்டும்” என்று ஒருவர் வருவார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால்தான் உங்களைக் கண்டுபிடிக்கிறார். அவருக்கும் கட்டாதீர்கள்.

கேள்வி: மகன் குரலில் அழுதுகொண்டே அழைப்பு. விபத்து, உடனே பணம் வேண்டும் என்றான். அவன் வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்! இது எப்படிச் சாத்தியம்?

இணையத்தில் கிடக்கும் சில விநாடிக் குரலே போதும், அதே குரலில் எதையும் பேசவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. முகத்தையும் செய்கிறார்கள். அரூப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், மின்னஞ்சலைப் பார்த்து முதலில் சந்தேகப்படத்தான் செய்தார். பிறகு வீடியோ சந்திப்பில் நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் ‘நேரில்’ பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அனுப்பிய தொகை சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். திரையில் அவரைத் தவிர எல்லாருமே போலி. 2024 தொடக்கத்தில் வெளியே வந்த செய்தி இது.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். “வைத்துவிடாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றால் சந்தேகமே வேண்டாம். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. வேடிக்கையான சொல்லாக இருக்கட்டும், அப்போதுதான் மறக்காது.

கேள்வி: நண்பர் வாட்ஸ்அப்பில், “தவறுதலாக உன் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்பு” என்கிறார்.

அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது, அடுத்தது உங்களுடையது. அந்தக் குறியீடுதான் உங்கள் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் சாவி. அனுப்பாதீர்கள். அவரை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பாஸ்வேர்டைச் சரியாகக் குறிப்பிட்டு, கேமரா வழியாக அந்தரங்க வீடியோ எடுத்துவிட்டதாக மிரட்டி மின்னஞ்சல்.

அது உங்கள் பழைய பாஸ்வேர்ட்தானே? எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் இருந்து எடுத்தது. இந்த ஒரே கடிதத்தை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்புகிறார்கள், வீடியோ எதுவும் இருக்காது. பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால் எந்தக் கசிவுகளில் சிக்கியது என்று தெரியும். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள். பதில் போடாதீர்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் “நான் ரோபோ இல்லை” என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, கன்ட்ரோல் வி, என்டர் அடிக்கச் சொன்னது. அடித்துவிட்டேன்.

அந்த வலைப்பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவிட்டிருக்கிறீர்கள். கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு சாதனத்தில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள் (லாக் அவுட்). பிறகு வங்கி, மற்றவை. கணினியைத் தெரிந்தவரிடம் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல்.

கேள்வி: மோசடிக்காரர் அழைத்தால் பேச்சுக் கொடுத்து அவர் நேரத்தை வீணடிக்கலாமா?

எனக்கும் ஒருமுறை அந்த ஆசை வந்தது. அப்பாவி மாதிரி இருபது நிமிடம் பேசி, கடைசியில் உண்மையைச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த இரண்டு வாரம் தினமும் பத்துப் பதினைந்து புது எண்களிலிருந்து அழைப்பு. ‘இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், எடுத்துப் பேசுவார்’ என்று நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.