ஆப்பிரிக்காவின் முக்கியமான கன்டெய்னர் துறைமுகங்கள் எவை? அந்தக் கண்டத்தின் வணிகத்தில் அவற்றின் பங்கு என்ன?

எண்ணிக்கைப்படி பார்த்தால் மொராக்கோவின் டாஞ்சர் மெட் துறைமுகத்துக்கே முதலிடம். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 2024-இல் அது ஒரு கோடியைத் தாண்டியது. எகிப்தின் போர்ட் சயீத், டோகோவின் லோமே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆகியவையும் பெரியவை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் சரக்குகளுக்குப் பல ஆண்டுகள் ஆவணம் தயாரித்தவன் என்ற முறையில், இந்த வரிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

டாஞ்சர் மெட் இருப்பது ஜிப்ரால்டர் நீரிணையின் ஓரத்தில். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் கப்பல்களின் வழி அது. 2007-இல் திறந்தார்கள். அங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறொரு கப்பலில் ஏறிப் போய்விடுகின்றன. துறைமுக வாசலைத் தாண்டுவதே இல்லை. அதனால் மொராக்கோவுக்குப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 2012-இல் அருகே வந்த ரெனோ தொழிற்சாலையின் கார்கள் இந்த வழியாகத்தான் ஏற்றுமதியாகின்றன. லோமேயும் ஏறத்தாழ இதே வகை. கடல் ஆழமாக இருப்பதால் பெரிய கப்பல்கள் அங்கே வரும்; அண்டை நாடுகளுக்கான பெட்டிகளைச் சிறிய ஃபீடர் கப்பல்கள் எடுத்துச் செல்லும்.

என் கணக்கில் இவற்றைவிட முக்கியமானவை ஜிபூத்தி, கென்யாவின் மொம்பாசா, தான்சானியாவின் தார் எஸ் சலாம், டர்பன். ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடுகள் 16. எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள். 1993-இல் எரித்திரியா தனி நாடானதும் கடற்கரை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. இன்று அதன் வெளிநாட்டுச் சரக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிபூத்தி என்ற ஒரு சின்ன நாட்டின் வழியாக வருகிறது, போகிறது. அந்த வாசல் ஒரு வாரம் அடைபட்டால் அடிஸ் அபாபாவில் கடைக்குக் கடை தெரியும்.

தார் எஸ் சலாம் ஜாம்பியாவுக்கும் காங்கோவின் செம்புச் சுரங்கங்களுக்கும் வாசல். தெற்கு வழியை வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) அடைத்த காலத்தில், சீன உதவியுடன் 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு 1975-இல் முடித்தார்கள். இப்போது பெரும்பாலும் லாரிகள்தான்.

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கான ஒரு பெட்டி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உள்ளே நீர் இறைக்கும் பம்புகள். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ‘ஜாம்பியாவுக்கு இன் டிரான்சிட்’ என்ற வாசகம் விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால் சரக்கு தான்சானியாவுக்கே வந்தது என்று சுங்கத்தார் எடுத்துக்கொள்வார்கள். திருத்தம் போய்ச் சேர்வதற்குள் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. சரக்குக்கு உரியவர் தினமும் தொலைபேசியில் பேசினார். கோபப்படவே இல்லை, “மழைக்காலம் முடியப்போகிறது, விவசாயிகள் காத்திருக்கிறார்கள்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு துறைமுகம் எத்தனை தூரம் உள்ளே வரை நீள்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டர்பனைப் பற்றிச் சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது. ஜோஹனஸ்பர்க்குக்கு மட்டுமன்றி ஜிம்பாப்வே, ஜாம்பியா வரை சரக்கு போகும் துறைமுகம் அது. 2023-இன் இறுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்து நின்றன. காற்றும் மழையும் ஒரு காரணம். ஆனால் கிரேன்களையும் மற்ற இயந்திரங்களையும் ஆண்டுக்கணக்கில் சரியாகப் பராமரிக்காமல் விட்டதுதான் பெரிய காரணம். நைஜீரியாவில் லாகோஸ் நகரின் அப்பாப்பா துறைமுகச் சாலையில் லாரிகள் நாள்கணக்கில் நின்ற கதையும் இத்தகையதே. அங்கே 2023-இல் லெக்கி ஆழ்கடல் துறைமுகம் திறந்திருக்கிறது, நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் மொத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். கண்டம் தழுவிய தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கிவிட்டது. வரி குறையலாம், ஆனால் நேரடிக் கப்பல் வேண்டுமே! மேற்குக் கரையில் ஏற்றிய பெட்டி கிழக்குக் கரைக்குப் போக, பல நேரங்களில் வேறு கண்டத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, அங்கே அடுத்த கப்பலுக்குக் காத்திருந்துதான் இன்னும் வருகிறது.