நாலு செட் கேள்வித்தாள், ஒரே எண்கள்: ஏன்?

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கணக்குத் தாள் தயாரிக்கிறேன். எண்களை மட்டும் மாற்றி நாலு செட் எடுக்க, அதில் சேரும் பிஜிஎஃப் தொகுப்பின் ‘பிஜிஎஃப்மேத்ரேண்டம்இன்டிஜர்’ மேக்ரோவை, அதாவது குலுக்கலில் ஒரு முழு எண்ணை எடுத்துத் தரும் கட்டளையைப் போட்டேன். நாலு செட்டிலும் ஒரே எண்கள். சாயங்காலம் விடைத்தாள் எடுத்தால் அதில் வேறு எண்கள். எங்கே தவறு?
– டியூஷன் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எண்களின் வரிசை ‘சீட்’ என்ற தொடக்க எண்ணிலிருந்து பிறக்கிறது. நீங்கள் சீட் கொடுக்காவிட்டால், பிஜிஎஃப் நேரத்தையும் வருடத்தையும் பெருக்கி வைத்துக்கொள்ளும். லாடெக்குக்கு அடியில் ஓடும் டெக் நிரலில் நேரம் என்றால் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்பது. விநாடிக் கணக்கு கிடையாது. நாலு செட்டையும் ஒரே நிமிடத்தில் ஓட்டியிருப்பீர்கள், அதனால் ஒரே எண்கள். சாயங்காலம் நிமிடம் மாறியது, எண்ணும் மாறியது.

‘பிஜிஎஃப்மேத்செட்சீட்’ கட்டளையால் சீட்டை நீங்களே கொடுங்கள். அதையும் ஒவ்வொரு கேள்வியின் தலையிலும் கொடுங்கள்: மூன்றாம் செட், ஏழாம் கேள்வி என்றால் 307. ஆரம்பத்தில் மட்டும் கொடுத்தால், நடுவில் ஒரு கேள்வி சேர்த்ததும் அதற்குக் கீழே உள்ள எண்ணெல்லாம் நகர்ந்துவிடும். நெருக்கமான சீட்களில் முதலில் விழும் எண்கள் ஓர் ஒழுங்கில் வரும். இரண்டு எண்ணை எடுத்து வீணாக்கிவிட்டு மூன்றாவதிலிருந்து பயன்படுத்துங்கள். கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே கோப்பாக இருக்கட்டும், விடையைக் காட்ட, மறைக்க ஒரு ஸ்விட்ச் போதும்.

இருபடிச் சமன்பாட்டுக்குக் கெழுக்களைக் குலுக்கி எடுக்காதீர்கள். தன்மைகாட்டி குறை எண்ணாகிவிட்டால் பிள்ளைகள் மூலம் கிடைக்காமல் தவிப்பார்கள். மூலங்களை 2 முதல் 10 வரை எடுங்கள். இந்த மேக்ரோவில் இரு முனைகளும் சேரும். 3, 8 விழுந்தால் மையக் கெழு −11, மாறிலி 24. விடையும் கையிலேயே இருக்கிறது. மூலங்களைக் கூட்டும்போது ‘பிஜிஎஃப்மேத்செட்மேக்ரோ’ போட்டால் 11.0 என்று அச்சாகும். ‘பிஜிஎஃப்மேத்ட்ரன்கேட்மேக்ரோ’ போட்டால்தான் 11.

வாழ்க்கைக் கணக்கில் எண் நம்பும்படி இருக்க வேண்டும். காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ 37 ரூபாய் என்று வந்தால் நம் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார்கள். 16 முதல் 24 வரை எடுத்து 50ஆல் பெருக்குங்கள். 800 முதல் 1,200 வரை, ஐம்பது ஐம்பதாக வரும்.

மற்ற கட்டளைகளுக்கு, டெர்மினலில் ‘டெக்ஸ்டாக் பிஜிஎஃப்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கையேடு திறக்கும்.