ஃபைபர் படகில் ஒட்டிப்போன பழைய ஸ்டிக்கரையும் பசையையும் எடுப்பது எப்படி?

கேள்வி: ஊட்டியில் இருக்கும் எங்கள் ஃபைபர் படகின் பக்கவாட்டில் பழைய வினைல் ஸ்டிக்கர். சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது, பசை அப்படியே நிற்கிறது. தின்னர் போடலாமா?

தின்னர் வேண்டாம். ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் ஒரு துடைப்பைத் தாங்கும். ஆனால் பிற்பாடு யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அது குழைந்துவிடும். இரும்பு பிளேடும் கூடாது. ஜெல்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான், கீறல் ஆழமானால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பொடிவதற்குக் காரணம், வெயிலில் வினைல் தன் நெகிழ்வை இழந்ததும், மலைக்குளிரில் இன்னும் விறைத்துப்போவதும்தான். முதல் வேலை சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே ஒரு நிமிடம் காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு போதும். ஹீட் கன் நொடியில் ஜெல்கோட்டைப் பழுப்பாக்கிவிடும். கரையில் கரண்ட் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த கனமான துண்டை ஒற்றி வையுங்கள். பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தைக் கிளப்பி, ஸ்டிக்கரைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மேல்தாள் மட்டும் வரும்.

பசைக்கு நீலகிரித் தைலத்தைவிட நல்லது உங்கள் ஊரில் வேறில்லை. நேராக ஊற்றினால் வழிந்துவிடும். பருத்தித் துணியை நனைத்துப் பசைமேல் ஒட்டி, ஆவியாகாமல் மேலே பாலித்தீன் தாளை மூடி, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கார்டால் தள்ளினால் பசை சுருண்டு சுருண்டு வரும். துணியின் சுத்தமான பக்கத்தால் ஒரே திசையில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பசை பரவும். தைலத்தில் கலப்படம் உண்டா என்று பார்க்க ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். காய்ந்தபின் எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. தைலம் தீப்பற்றும், ஆகவே ஹல் (படகின் உடல்) நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள், கையுறையும் அவசியம். இதெல்லாம் கரையில் ஏற்றி வைத்துச் செய்யும் வேலை, கழிவு ஏரியில் விழக் கூடாது.

அடுத்து பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், இரண்டு முறை. எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் புது ஸ்டிக்கர் நிற்காது.

ஸ்டிக்கர் இருந்த இடம் பளிச்சென்று தனியாகத் தெரியும். பலர் அந்த இடத்தையே தேய்க்கிறார்கள். அங்கே இருப்பதுதான் வெயில் படாத நல்ல ஜெல்கோட்! மங்கிப்போனது சுற்றுப்புறம், அதை ரப்பிங் காம்பவுண்டால் (மங்கலைத் தேய்த்தெடுக்கும் பாலிஷ் பசை) தேய்த்து இதற்குச் சமமாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) லேசாகப் போட்டு, மறுபடி காம்பவுண்ட்.

புது ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் வேக்ஸ் பூசாதீர்கள். பனி ஈரம் முழுக்கக் காய்ந்து, ஹல் வெயிலில் இளஞ்சூடாக இருக்கும் உச்சிவேளையில் ஒட்டுங்கள்.