கொட்டேஜில் வள்ளம் ஓட்டக் கேட்ட தம்பிக்கு

தம்பி, போன மாரியில் கனடா வந்து ஸ்காபரோவில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கனடா தினத்துக்கு நண்பர்களோடு கவார்த்தா ஏரிகள் பக்கம் கொட்டேஜ் எடுக்கிறீர்கள். அங்கே மோட்டார் வள்ளம் வாடகைக்கு எடுத்து ஓட்டக் கார் லைசென்ஸ் போதுமா, பழைய வள்ளம் வாங்க எவ்வளவு முடியும், என்ன மீன் படும் என்று கேட்கிறீர்கள். விலையை வேறு யாரிடமாவது கேளுங்கள். மீன் பிடிக்கப் பொதுவாகத் தனி லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான். முதல் கேள்விக்குத்தான் நான் எழுத வந்தேன்.

கார் லைசென்ஸ் போதாது. மோட்டார் பூட்டிய உல்லாச வள்ளம் எதுவானாலும், சின்னப் பற்றரி மோட்டாராக இருந்தாலும், ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். போட் கார்ட் என்று சொல்வது அதைத்தான். 1999இல் சட்டம் வந்து, 2009 செப்டெம்பர் 15 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. ட்ரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரித்த இடத்தில் ஒன்லைனில் படித்து, 50 கேள்விக்கு விடை கொடுக்க வேண்டும். 75 வீதம் எடுத்தால் பாஸ், கார்ட் ஆயுளுக்கும் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் 250 டொலர் தண்டம். வாடகை வள்ளத்துக்கு ஒரு சலுகை உண்டு. தருபவர் பாதுகாப்புப் படிவத்தை உங்களோடு நின்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால், அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே சான்று. விளங்கப்படுத்தாமல் பேனாவை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். கேள்வி கேளுங்கள்.

எங்கள் ஆட்கள் சிலர் தங்களுக்குப் பதிலாகப் பெறாமகனை இருத்தி அந்தக் கார்ட் சோதனையை எழுதுவிக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய கோபம் இருக்கிறது. தண்டத்துக்குத் தப்பலாம், தண்ணீருக்குத் தப்ப முடியுமா?

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரன். சோழகம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற ஊர். 1990இல் இடம்பெயரும் வரை அப்பா கடலுக்குப் போனவர், நானும் நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகியவன். அந்தத் துணிவோடுதான் 1994 மே மாதம், விக்டோரியா தின லீவுக்கு, நாலு பேர் சிம்கோ ஏரியில் இறங்கினோம். 12 அடி அலுமினிய வள்ளம். லைஃப் ஜாக்கெட் இரண்டே இரண்டு, அதையும் குந்துவதற்கு மெத்தையாகப் போட்டிருந்தோம். வெயில் நல்ல வெயில். சிக்கின தூண்டிலை எடுக்க நான் எழும்பி நின்ற நேரம், பெரிய வள்ளம் ஒன்று கிளப்பிவிட்ட அலை வந்து அடித்தது.

விழுந்தவுடன் மூச்சு தானாக உள்ளே இழுத்தது, அதோடு தண்ணீரும் போனது. நீந்தி வந்து விளிம்பைப் பிடித்தேன். விரல் மடியவில்லை. கண்ணுக்கு முன்னால் என் விரல்தான், ஆனால் மடி என்றால் மடியவில்லை. சேர்ட் கொலரில் பிடித்து இழுத்துப் போட்டார்கள். ஏப்ரலில்தான் பனிக்கட்டி உருகின ஏரி அது என்று எங்கள் நாலு பேருக்கும் யாரும் சொல்லவில்லை.

2009இல் கார்டுக்குப் படித்தபோதுதான் எனக்கு நடந்தது என்னவென்று விளங்கியது. மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது: 1, 10, 1. குளிர்த்தண்ணீரில் விழுந்தால் மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொல்வழி கேட்பது 10 நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலம் கிடைப்பது, மிதக்க வைக்கிற ஒன்று உடம்பில் இருந்தால்தான். ஜூலையில் கவார்த்தாத் தண்ணீர் அவ்வளவு குளிராது, உண்மை. ஆனால் ருசி கண்டால் ஒக்டோபரில் இலை நிறம் பார்க்கவும் வள்ளம் எடுப்பீர்கள்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அவரவர் அளவில், வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நீங்கள் அதை மாட்டியே இருங்கள். வள்ள விபத்துகளில் மூழ்கிச் சாகிறவர்களில் பெரும்பாலானோர் அதை மாட்டாதவர்கள். பிள்ளைகளுக்குப் பெரியவரின் அங்கியைப் போட்டால், விழும்போது தலைக்கு மேலால் கழன்றுவிடும். இழுத்துப் பாருங்கள்.

குடி வேண்டாம். வள்ளத்தில் வெறியோடு பிடித்தாலும் குற்றவியல் சட்டம்தான், ஒன்ராறியோவில் கார் லைசென்சும் போகும். பிறந்தநாள் என்று ஆறு பேர் வள்ளத்தில் பத்துப் பேரை ஏற்றிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடிக்கும். இருபது வருஷம் இங்கே இருந்தவர்கள்தான் கூடுதலாக இதைச் செய்கிறார்கள். 13 வயதுப் பெடியனை ஜெட் ஸ்கீயில் தனியே விடுகிறார்கள். 16 வயதுக்கு முதல் அதை ஓட்டவே கூடாது.

என் மகள் 12 வயதில் கார்ட் எடுத்தாள். அந்த வயதில் 40 குதிரைவலு வரை ஓட்டலாம், எங்கள் எஞ்சின் 20தான். நாங்கள் ஊரில் கோயிலையும் பனையையும் குறி பார்த்துக் கரை சேர்வோம். அவள் மிதவை பார்த்து ஓட்டப் பழகினாள். நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். எஞ்சின் நிற்பாட்டுகிற கயிற்றைக் கையில் மாட்டாமல் கிளப்பமாட்டாள்.

அந்தக் கோடையில் அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். அவருக்கும் ஒரு அங்கியை நீட்டினாள். கடலில் நாற்பது வருஷம் தொழில் செய்த மனுஷன், இதையெல்லாம் போடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பில்லாத தண்ணி ஆளைத் தாங்காது, பிள்ளை” என்றார். அங்கியை வாங்கி, மூன்று வாரையும் தானே பூட்டிக்கொண்டு முன்பக்கம் போய் இருந்தார்.