10 எச்.பி. மோட்டாருக்கு 10.4 ஆம்பியர் போதாது

மோட்டார் ஏன் ட்ரிப் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) 10.4 ஆம்பியரில் வைத்ததால்தான். உங்கள் மேலூர் அரிசி மில்லில் ஓடும் அந்த 10 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழு லோடில் 14 ஆம்பியர் பக்கம் இழுக்கும்.

நீங்கள் 10 எச்.பி.யை, அதாவது 7,460 வாட்டை, 1.732 (த்ரீ ஃபேஸுக்கு வரும் √3) × 415 வோல்ட்டால் வகுத்ததோடு நிறுத்திவிட்டீர்கள். 7,460 என்பது ஷாஃப்ட்டில் கிடைக்கும் பவர்தான், லைனிலிருந்து மோட்டார் எடுப்பது அதைவிட அதிகம். பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியர் கணக்கில் உண்மையான பவராகும் பங்கு) 0.85, எஃபிஷியன்சி (எடுக்கும் பவரில் ஷாஃப்ட்டுக்கு வரும் பங்கு) 0.88 என்று வைத்து இரண்டாலும் மறுபடி வகுத்துப் பாருங்கள், 13.9 வரும்.

ஆனால் ரிலே செட்டிங்குக்கு நேம் பிளேட்டில் அடித்திருக்கும் ஆம்பியர்தான் கணக்கு. தவிடு அப்பிக்கிடக்கும், மெயினை ஆஃப் செய்துவிட்டுத் துடைத்துப் படியுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராக (வைண்டிங்கை முதலில் ஸ்டாரில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது) இருந்து, ரிலே மெயின் லைனில் இல்லாமல் மோட்டார் வைண்டிங்குக்குப் போகும் ஒயரில் இருந்தால், பிளேட் ஆம்பியரில் 0.58 மடங்கு, அதாவது 8 ஆம்பியர் போல வைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் 14-க்குத் திருப்பினால் மோட்டாருக்குப் பாதுகாப்பே இல்லை.

அப்புறம், நெல் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் மீட்டர்) ஒவ்வொரு ஒயராகத் தனித்தனியே மாட்டிப் பாருங்கள், மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வோல்டேஜையும் அப்போதே பாருங்கள், 370 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே லோடுக்கு 15.6 ஆம்பியர் வரை ஏறும்.

அப்படி ஏறித்தான் ட்ரிப் ஆகிறது என்றால் ரிலேயை மேலே தள்ளாதீர்கள், லோடைக் குறையுங்கள். ரீவைண்டிங் செய்த (காயிலை மறுபடி கட்டிய) மோட்டார் என்றால் பிளேட் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது, கட்டினவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.