சின்ன ஓடைக்கு எதுக்கு இம்புட்டு இரும்பு?

கேள்வி: ஐயா, அமெரிக்காவுல ஒஹையோவுல இருக்குற மகன் ஒரு போட்டோ அனுப்பிருக்கான். கிராமத்து ஓடைதான், நம்மூர் வாய்க்கா அகலம்கூட இருக்காது, அதுக்கு மேல கூண்டு மாதிரி இரும்புப் பாலம், நூறு வருசத்துக்கு மேல பழசாம். கார் விடுறதில்ல, நடந்து மட்டும் போகலாமாம். உபயோகமில்லாததை எதுக்கு வச்சிருக்காங்க?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, அது ட்ரஸ் பாலம். பாக்கத்தான் இரும்பு ஜாஸ்தி, உண்மையில இரும்பை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி கட்டுனாங்க. நடுவுல தூணே இல்லாம கரைக்கு கரை ஒரே உத்தரமா போட்டா ரொம்ப கனமா போடணும், அதுக்குப் பதிலா மெலிசான சட்டங்களை முக்கோண முக்கோணமா கோத்துட்டா போதும். மூங்கில் குச்சி நாலை சதுரமா கட்டி மூலையை அமுக்குங்க, சரிஞ்சிரும், மூணை கட்டி அமுக்குனா குச்சி ஒடையணுமே தவிர வடிவம் மாறாது, சூட்சுமம் அம்புட்டுத்தான். தூண் ஏன் வேணாம்னா ஓடை எப்பவும் சின்னதாவே இருக்காதே, நம்ம பக்கமே ஐப்பசி கார்த்திகைல பாக்குறோம்ல, மரம் செத்தையெல்லாம் அடிச்சிட்டு வந்து தூண்ல அடைச்சுக்கிட்டா பாலத்தையே தள்ளிரும்.

போட்டோவை பெருசாக்கி பாருங்க. நேரா நிக்கிற சட்டம் தடியா, நடுவைப் பாத்து சாஞ்சு இறங்குறது மெலிசு கம்பியா இருந்தா அது 1844ல பேட்டன்ட் வாங்குன பிராட் வகை. நிக்கிறது அமுக்கத்தைத் தாங்குது, மெலிசா இருந்தா வளைஞ்சிரும், அதான் தடி. சாய்வா இருக்குறது இழுவையைத் தாங்குது, அதுக்கு கம்பியே போதும். எது என்ன வேலை செய்யுதுன்னு வெளிய நின்னே தெரிஞ்சுக்கலாம், எனக்கு இந்தப் பாலங்க மேல இவ்ளோ பிரியம் வந்ததே அதனாலதான்.

1870, 80கள்ல அதே ஒஹையோவுல கேன்டன், கிளீவ்லேண்ட் கம்பெனிக்காரங்க பாகம் பாகமா செஞ்சு ரயில்ல அனுப்பிருவாங்க, ஊர்ல வச்சு பின் போட்டு மாட்டிக்குவாங்க. மாட்டுனதை கழட்டவும் முடியும்ல, அதனால ரோடை அகலப்படுத்துறப்போ சில ஊர்ல கழட்டிக் கொண்டுபோய் பார்க்குல, நடைபாதைல திரும்ப நிறுத்திக்கிறாங்க.

கார் விடாதது சரிதான். குதிரை வண்டிக்கு கணக்கு போட்டது லாரிக்கு தாங்காது. பல ட்ரஸ்ல ஒரு முக்கியமான ஜாயிண்ட் போனாலே மொத்தமும் போயிரும், 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவுலயே மினியாபொலிஸ்ங்கிற ஊர்ல, இருக்க வேண்டிய தடிமன்ல பாதியே இருந்த இணைப்புத் தகடுனால பெரிய ஹைவே பாலமே விழுந்து 13 பேர் செத்தாங்க. ஆனா ஆளுங்க நடக்கிறதுக்கு மட்டும் விட்டு, துருவை சுரண்டி பெயிண்ட் அடிச்சு பாத்துக்கிட்டா உங்க மகன் பாத்த பாலம் இன்னும் ரொம்ப காலம் நிக்கும். உபயோகமில்லாததுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா.

கேள்வி: மதுரை ஏ.வி. பாலமும் இந்த வகையா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இல்ல தம்பி, 1889ல திறந்த அது வளைவுப் பாலம். வளைவுல வர்றது அமுக்கம், கல்லுக்கட்டு அமுக்கத்தை நல்லா தாங்கும், இழுத்தா விட்டுரும். வைகை முக்கால்வாசி மாசம் மணலாத்தானே கிடக்கு, அதனால ஆத்துக்குள்ள வரிசையா தூண் எழுப்ப முடிஞ்சது. ட்ரஸ் வேணும்னா 1914ல திறந்த பழைய பாம்பன் பாலத்து போட்டோவை பாருங்க, கப்பலுக்கு வழிவிட ரெண்டா பிரிஞ்சு மேல தூக்குமே, அந்த ரெண்டு பக்கமும் ட்ரஸ்தான்.